ஒரு பேப்பர் பாக்கி

மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் என் பக்கம் வருவேனா என்கிறது. சுவரோரத்து டெஸ்க். என் நம்பரை சாக்பீஸால் எழுதியிருக்கிறார்கள், முழங்கை பட்டுப் பாதி அழிந்துவிட்டது. எனக்கு முன்னால் இருப்பவனுக்குப் பிடரியெல்லாம் நரை, பக்கத்து வரிசையில் ஒருத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேள்வித்தாளை மூக்கருகே வைத்துப் படிக்கிறார், ஹாலைப் பார்த்தால் பரீட்சை நடக்கிற இடம் மாதிரியே இல்லை, கண் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. எல்லோரும் அரியர் கோஷ்டி. பழைய பேட்ச்காரர்களுக்கு யுனிவர்சிட்டி பெரிய மனது பண்ணிக் கொடுத்திருக்கும் கடைசி வாய்ப்பு, இனிமேல் யாரும் கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு முன்னாலும் ஒரு கடைசி வாய்ப்பு வந்தது, அதையும் எழுதினேன், அதுவும் ஊற்றிக்கொண்டது. எனக்கு மிச்சம் ஒரே ஒரு பேப்பர், ஆர்.சி.சி. டிசைன், கான்கிரீட்டுக்குள் எங்கே எவ்வளவு கம்பி வைக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிற பாடம். சொன்னால் சிரிப்பார்கள். விடிந்ததிலிருந்து கான்கிரீட்டிலேயே கிடக்கிறவன், ஊரில் ஒரு தெரு பாக்கியில்லாமல் வீடு எழுப்பிக் கொடுத்தவன், டீக்கடைக்குப் போனால் பெஞ்சைத் துடைத்துவிட்டு ‘இன்ஜினியர் சார், உக்காருங்க’ என்று சொல்லவைக்கிறவன், அந்த ஆவுடையப்பன் கான்கிரீட் பாடத்தில் ஃபெயில். மேற்பார்வை பார்க்கும் மேடம் வரிசைக்குள் நடந்து வருகிறார், கழுத்தில் தொங்கும் அட்டையில் ஜெ. பிளஸ்ஸி, உதவிப் பேராசிரியர், சிவில் துறை என்று இருக்கிறது. நான் முதல் தடவை இந்தப் பேப்பரை எழுதியபோது இவர் பால்வாடியில் உட்கார்ந்து சத்துணவு முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார். என் ஹால் டிக்கெட்டில் உள்ள போட்டோவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார், ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு ‘ஆல் தி பெஸ்ட் சார்’ என்கிறார். பரீட்சை எழுதுகிறவனை சார் என்று கூப்பிடுகிறார்கள், அதுவே ஒரு மாதிரி இருக்கிறது.

இரண்டு மார்க் கேள்விகளை முதலில் முடித்துவிட வேண்டும். பகவதி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருக்கிறாள், தெரிஞ்சதை முதல்ல எழுதுங்க, தெரியாததைப் பாத்துக்கிட்டே உக்காந்துராதீங்க என்று. என் பெண்டாட்டி எனக்கு வாத்தியார், என் மகள் ஹரிணி ஏழாம் வகுப்பு, அவள் பரீட்சைக்கு நான் சொன்னதை அவள் இன்று காலை எனக்கே திருப்பிச் சொன்னாள், ‘ஸ்டெப்ஸ் போடுங்கப்பா, ஸ்டெப்புக்குத்தான் மார்க்கு.’ எல்லாம் அந்தக் கல்யாணப் பத்திரிகையில் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பேருக்குப் பின்னால் படிப்பைப் போடாமல் பத்திரிகை அடித்தால் மாப்பிள்ளைக்கு ஏதோ குறை என்று அர்த்தம். ஒரு பேப்பர் பாக்கி இருக்கு மாமா என்று என் மாமனாரிடம் நானே சொன்னேன். ‘அது எழுதிட்டாப் போச்சு மாப்ள, அச்சாபீஸ்காரன் அதுக்குன்னு ஒரு பேப்பர் குறையுதுன்னு போடுவானா’ என்று அவரே பி.இ. போட்டு அடித்துவிட்டார். பத்திரிகை இன்னும் பீரோவுக்குள் இருக்கிறது, பொன்னெழுத்தில் பி.இ., நான் இன்னும் இங்கே இருக்கிறேன். பகவதி ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. குத்திக்காட்டியிருந்தால் கோபித்துக்கொண்டாவது எழுதித் தொலைத்திருப்பேன். ‘அந்த ரெண்டு எழுத்தை நெசமாக்கிருங்க, அது போதும் எனக்கு’ என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதுவும் பரமசிவன் சார் வீட்டுக்கு வந்துவிட்டுப் போன அன்றைக்குச் சொன்னாள். பரமசிவன் சார்தான் எனக்குக் கையெழுத்து. வரைபடம் நான் போடுவேன், கட்டுவது நான், நகராட்சியில் பதிவு பெற்ற பொறியாளர் என்று முத்திரை குத்திக் கையெழுத்து வைப்பது அவர். முத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார், டீ வருவதற்குள் குத்திக் கொடுத்துவிடுவார், வரைபடத்தைப் பார்த்தாரா என்றால் அது அவருக்கும் சாமிக்கும் வெளிச்சம். இப்போது மகனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார். ‘பட்டத்தை வாங்கிட்டு வாடே, அனுபவச் சான்று நான் தாரேன், பதிவு பண்ணி என் நாற்காலியில நீ உக்காந்துக்கோ, இல்லைன்னா எவன்கிட்டயாவது போயி காலம் பூரா கையெழுத்துக்குக் காத்துக் கெட.’ பட்டம், அதற்கு மேல் அனுபவம், அதற்கு மேல் பதிவு. அனுபவம் என்னிடம் வண்டி வண்டியாய் இருக்கிறது. அடியில் இருக்க வேண்டிய கல்தான் இல்லை.

வேட்டு. ஜன்னல் கம்பி லேசாக அதிர்கிறது. முன்னால் இருக்கிற நரைப்பிடரி தலையைத் தூக்கி ஊர்ப்பக்கம் பார்க்கிறான், அவனும் நம்ம ஊர்க்காரன்தான் போலிருக்கிறது, மனசுக்குள் கன்னத்தில் போட்டிருப்பான். இன்றைக்குத் தேர். பைபாஸைத் தாண்டினால் எங்கள் ஊர்தான், காற்று இந்தப் பக்கம் அடித்தால் கொட்டுச் சத்தம்கூடக் கேட்கும். தேர் ஒவ்வொரு முக்கில் திரும்பும்போதும் வேட்டுப் போடுவார்கள். கீழ ரத வீதியில் நிலையிலிருந்து கிளம்பி, தெற்கு, மேற்கு, வடக்கு, மறுபடி கீழ ரத வீதி. இப்போது போட்டது தெற்கு முக்கு. தேரோட்டத்தன்று பரீட்சை வைத்த புண்ணியவான் எந்த ஊர்க்காரனோ. பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட வடம் தொடாமல் இருந்ததில்லை நான். பகவதியும் ஹரிணியும் குற்றாலிங்கம் அண்ணாச்சி வீட்டு மாடிப் பால்கனியிலிருந்து பார்ப்பதாக ஏற்பாடு, வடக்கு ரத வீதியில் நான் கட்டிய வீடு, தை மாதம்தான் பால் காய்ச்சினார்கள், இது அந்த வீட்டுக்கு முதல் தேர். அண்ணாச்சிக்குப் பாத்திரக்கடை. சொந்தபந்தம் அத்தனை பேரையும் தேருக்குக் கூப்பிட்டிருக்கிறார், தென்காசியிலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள் என்று மதினி சொன்னாள். அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். நேற்று மதினி போன் பண்ணி, இன்ஜினியர் வீட்டம்மா முன்வரிசையில நிக்கணும், அவுக கட்டுன மாடில்லா என்றாளாம், பகவதிக்குக் கால் தரையில் படவில்லை. நேற்றே பட்டுச்சேலையை எடுத்து வைத்துவிட்டாள். நான் பரீட்சைக்குப் போகிறேன், அவள் பட்டுச்சேலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருக்கிறாள், யாருக்குத் தேர்வு என்றே தெரியவில்லை. சரி, எழுது. வெட்டு விசை என்றால் என்ன. பிடிப்பு நீளம் என்றால் என்ன. இதெல்லாம் வந்துவிட்டது, தண்ணீர்பட்ட பாடு, பகவதி கேட்டுக் கேட்டு என்னை ஒப்பிக்கவைத்தது.

பெரிய கேள்வி. முதலாவது ஆகாது. இரண்டாவது படித்தாலே தலை சுற்றுகிறது. மூன்றாவதில், இதுவா அதுவா என்று இரண்டு கொடுத்து ஒன்றை எழுதச் சொல்கிறார்கள், இரண்டாவதைப் பார், அட. அட நம்ம பால்கனி. சுவரிலிருந்து ஒன்று புள்ளி எட்டு மீட்டர் வெளியே நீளும் தளம், முனையில் கைப்பிடிச் சுவர், மேலே மக்கள் நிற்பதற்கான பாரம், தூண் கிடையாது, வடிவமைத்துக் கம்பி விவரம் வரைக. ஒன்று புள்ளி எட்டு மீட்டர் என்றால் ஆறடி. குற்றாலிங்கம் அண்ணாச்சி வீட்டைப் பார்த்துவிட்டு வந்துதான் கேள்வி எடுத்தானோ. அம்மன் இருக்கிறாள் என்று தோன்றுகிறது, தேர் வடத்தைத் தொடாதவனுக்கும் கண்ணைத் திறந்திருக்கிறாள். இதை விட்டால் எனக்கு வேறு எது வரும். கையை முன்னால் நீட்டிக்கொண்டு விரல் நுனியில் தண்ணீர்க் குடத்தைத் தொங்கவிட்டால் எங்கே வலிக்கும், தோளில் வலிக்கும், இதுதான் இந்தப் பாடம் மொத்தமும். தளம் வெளியே நீளுகிற கை, சுவர் தோள், தோளின் மேல்பக்கம்தான் இழுபடும், அதனால் கம்பியும் மேல்பக்கம் இருக்க வேண்டும். அண்ணாச்சி வீட்டு வரைபடத்தில் நாலடிதான் இருந்தது. பரமசிவன் சார் முத்திரை குத்தியதும் நாலடிக்குத்தான். நகராட்சிக்கு ஒரு படம் கொடுப்போம், வீட்டை வாயால் கட்டுவோம், அது எல்லோரும் செய்கிறதுதான். கான்கிரீட் ஊற்றுவதற்குச் சென்ட்ரிங் பலகை அடித்த பிறகு அண்ணாச்சி வந்து நின்று பார்த்தார், பல் குத்திக்கொண்டே பார்த்தார். ‘தம்பி, தேரு பாக்கணும்னுதான் ரத வீதியில இடம் வாங்குனேன். நாலடியில நாலு பேரு நிக்க முடியுமா? ஆறடியா இழுத்துருங்க.’ மதினி அதற்கு மேல் ஒன்று சொன்னாள், கம்பி கிராதி வேண்டாம், பொம்பளைக நின்னா தெருவுலேர்ந்து சேலை தெரியும், செங்கல்லு சுவரா வச்சிருங்க என்று. சரி மதினி என்றேன். பலகையை இழுத்து அடித்தோம். எட்டு எம்எம் கம்பி என்று இருந்ததைப் பத்து எம்எம் ஆக்கினேன். யாரும் சொல்லி ஆக்கவில்லை, நானே யோசித்து ஆக்கினேன், ஆறடியாச்சே, கனமாகப் போடுவோம் என்று. அன்றைக்கு அது எனக்கு ரொம்பப் பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது.

ஸ்டெப்ஸ் போடுங்கப்பா. போடுகிறேன். தளத்தின் சொந்த எடை, மேல்பூச்சு, நிற்கிறவர்கள் பாரம், முனைச் சுவரின் எடை, எல்லாவற்றையும் கூட்டு, ஒன்றரையால் பெருக்கு, அது பாதுகாப்புக்கு. பிறகு தோளில் விழுகிற இழுப்பு. நீளத்தின் வர்க்கம். இதை எத்தனை தடவை எழுதியிருக்கிறேன், பேனா தன் பாட்டுக்கு எழுதுகிறது, மனம் நின்றுவிட்டது. வர்க்கம். நாலடி ஆறடியானால் நீளம் ஒன்றரைப் பங்கு. ஒன்றரைப் பங்குதானே கூடுகிறது, அதற்குத்தான் எட்டைப் பத்தாக்கினேனே, எட்டிலிருந்து பத்துக்குப் போனால் கம்பியின் பரப்பும் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு கூடும், சரிக்குச் சரி. இல்லை. இழுப்பு ஒன்றரைப் பங்கு கூடவில்லை. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்க வேண்டும். இரண்டேகால். அதற்கு மேல் முனையில் மதினியின் செங்கல் சுவர், விரல் நுனியில் தொங்குகிற குடம் அதுதான், அதைக் கணக்கில் நான் எடுக்கவே இல்லை, எந்தக் கணக்கில் எடுப்பது, கணக்கே போடவில்லையே. எழுது, நிறுத்தாதே. தளத்தின் கனம் எவ்வளவு வேண்டும். கட்டட விதிகளெல்லாம் இருக்கிற கோட் புத்தகத்தைப் பரீட்சையில் பார்த்துக்கொள்ளலாம், பார்க்கிறேன், விரல் அட்டவணையில் ஊர்கிறது. சுவரோரத்தில் ஒன்பது அங்குலத்துக்குக் கிட்டே வருகிறது. நான் வைத்தது ஐந்து. நாலடிக்கு வைத்த அதே ஐந்து. நீளத்தை மாற்றினோம், கனத்தை மாற்றவில்லை, பலகை அடித்தாகிவிட்டதே, பீம் கம்பி கட்டியாகிவிட்டதே, யார் பிரிப்பது. ஐந்து அங்குலத் தளத்துக்கு இந்த இழுப்பைப் போட்டுப் பார்க்கிறேன், விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில், பென்சிலால். எவ்வளவு கம்பி போட்டாலும் தாங்காது என்று வருகிறது. கம்பி போதாது என்றுகூட இல்லை. கான்கிரீட்டே போதாது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள், நான் மார்க்குக்குத்தானே வெட்டினேன்.

வேட்டு. மேல ரத வீதி முக்கு. இருக்காது, அதற்குள்ளா, இந்த வருஷம் வடம் பிடிக்க ஆள் ஜாஸ்தி போலிருக்கிறது. இரு, அவசரப்படாதே ஆவுடையப்பா, நீ யார், இந்தப் பேப்பரில் ஃபெயிலாகிக்கொண்டே வந்தவன். போட்ட தடவையெல்லாம் தப்பாகப் போட்ட ஆள் இந்தத் தடவை மட்டும் சரியாகப் போட்டுக் கிழித்துவிட்டாயா. எங்கேயோ ஒரு சைபர் கூடியிருக்கும். மீட்டரை மில்லிமீட்டராக்கும்போது சறுக்கியிருப்பேன், அங்கேதான் எப்போதும் சறுக்குவேன். மறுபடி போடு. மறுபடி போடுகிறேன். அதே விடை. பாழாய்ப்போன விடை. சரி, அந்த ஒன்றரைப் பெருக்கலை எடுத்துவிடு, அது சும்மா பயத்துக்குப் போடுகிறது, நிஜத்தில் அவ்வளவு பாரமா வரப்போகிறது, எடுத்துவிட்டுப் பார்த்தால் நிற்கும். ஆமாம், நிற்கும். யாருமில்லாமல் நிற்கும், அதனால்தான் தை மாதத்திலிருந்து நிற்கிறது. ஜனம் ஏறினால் சரியாக விளிம்பில் வந்து நிற்கிறது கணக்கு, கீழேயும் இல்லை மேலேயும் இல்லை, நூல்தான். ஊரில் இந்த மாதிரி எத்தனை பால்கனி நீட்டிக்கொண்டிருக்கிறது, எல்லாமா விழுந்துவிட்டது, கோட் புத்தகம் எழுதியவன் எப்போதும் பயந்தாங்கொள்ளி என்று பரமசிவன் சார் சொல்வார். சொல்லிவிட்டு ஆஸ்திரேலியா போகிறார். ஜனம் எங்கே நிற்பார்கள். தேர் வருகிறபோது எவனாவது சுவரோரமாகப் பின்னால் நிற்பானா. எல்லோரும் முனைக்கு வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, குழந்தையைத் தூக்கிக் காட்டி, பூவை அள்ளி எறிந்து. முன்வரிசை. இன்ஜினியர் வீட்டம்மா முன்வரிசை. பெருமையாகச் சொல்லிவிட்டாளே மதினி, அவுக கட்டுன மாடில்லா என்று.

கம்பி மேல்பக்கம்தானே கட்டினோம். கட்டினோம், நான் நின்று பார்த்தேன். பிறகு கான்கிரீட் போட்ட அன்றைக்கு. அன்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது, மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று எல்லோரும் பறந்தோம், சட்டியோடு வந்தவர்கள் எல்லாம் கம்பி மேல்தான் நடந்தார்கள், பலகை போட்டு நடங்கப்பா என்று ஒரு தடவை சொன்னேன், சொன்னேனா, சொன்ன மாதிரிதான் இருக்கிறது. மிதித்த கம்பி மறுபடி எழும்பாது. மேல்பக்கம் இருக்க வேண்டிய கம்பி மிதிபட்டு நடுவுக்குப் போயிருந்தால், நடுவுக்குப் போயிருந்தால் அந்த நூலும் அறுந்தது. போகவில்லை. போயிருக்காது. யார் பார்த்தது, கான்கிரீட்டை மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று எந்தக் கண்ணுக்குத் தெரியும். பங்குனியில் ஒரு நாள் போனபோது மதினி காட்டினாள், சுவரும் தளமும் சேருகிற இடத்தில் மேலே, முடி மாதிரி ஒரு கோடு. ‘இது என்ன தம்பி கீறல் மாதிரி இருக்கு?’ பூச்சு வெடிப்பு மதினி, வெயிலுக்கு வரும், சிமெண்ட்டுப் பாலை ஊத்தினாப் போதும் என்றேன். நானே ஊற்றிவிட்டும் வந்தேன். மதினி காபி கொடுத்தாள். எழுந்திரு. எழுந்து ஓடு. எழுந்தால் போச்சு, விடைத்தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே போனவனை மறுபடி உள்ளே விட மாட்டார்கள், எழுதியது பாஸுக்குப் பத்தாது, இன்னும் பெரிய கேள்விகள் அப்படியே கிடக்கின்றன. கடைசி வாய்ப்பு. கணக்கு தப்பாயிருந்தால்? தப்பான ஒரு கணக்கை நம்பி எழுந்து ஓடி, அங்கே போய் அத்தனை சொந்தபந்தத்தின் முன்னால் ‘இறங்குங்க, நான் கட்டியது விழும்’ என்று கத்தி, பால்கனி பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தால், அதற்கப்புறம் இந்த ஊரில் எவன் எனக்கு ஒரு கக்கூஸ் கட்டக் கொடுப்பான். கணக்கு சரியாயிருந்தால்? சரியாயிருந்தால் நான் பாஸ். சரியாயிருந்தால் பகவதி. அம்மா தாயே, தேரை எங்கேயாவது முக்கில் சிக்கவை, வருஷா வருஷம் சிக்குமே, அரை மணி நேரம் நெம்புவார்களே, இந்த வருஷமும் சிக்கவை. இல்லாவிட்டால் என் விடையைத் தப்பாக்கு. நான் ஃபெயிலாகிவிடுகிறேன். சந்தோஷமாக ஃபெயிலாகிவிடுகிறேன். இத்தனை வருஷம் ஃபெயிலாக்கினாயே, இந்த ஒரு தடவை எதற்காக விட்டுவிட்டாய்.

கை தூக்கியிருக்கிறேன் போலிருக்கிறது, பிளஸ்ஸி மேடம் வந்து நிற்கிறார்.

“அடிஷனல் ஷீட்டா சார்?”

“இல்ல மேடம். இந்தக் கணக்கு சரியான்னு ஒரு பார்வை பாத்துச் சொல்லணும்.”

மேடம் ஒரு அடி பின்னால் போகிறார். நான் பிட் வைத்திருந்தால்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டார். “சார், அப்படியெல்லாம் கேக்கக் கூடாது சார். கேமரா இருக்கு.”

“சரின்னு சொல்ல வேண்டாம் மேடம். தப்புன்னு சொல்லுங்க. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும், நான் பாட்டுக்கு உக்காந்துருவேன்.”

“சார், உங்களுக்கு உடம்புக்கு முடியலையா? வேர்த்துக் கொட்டுது. தண்ணி குடிங்க.”

தண்ணீர் பாட்டிலை அவரே எடுத்து மூடியைத் திருகிக் கொடுக்கிறார். குடிக்கிறேன், சட்டையெல்லாம் நனைகிறது. அவர் போய்விட்டார். வரிசையின் கடைசி வரைக்கும் போகிறார், திரும்புகிறார், ஒவ்வொருவர் தாளையும் பார்த்துக்கொண்டு மெல்ல வருகிறார், அவர் செருப்புச் சத்தத்தைத் தவிர எனக்கு எதுவும் கேட்கவில்லை, கொட்டுச் சத்தம்கூட. என் டெஸ்க்குக்கு வந்ததும் ஹால் டிக்கெட்டைச் சரிபார்க்கிற மாதிரி குனிகிறார். கண் என் தாளில் மேலிருந்து கீழாக இறங்குகிறது. எங்கே புருவத்தைச் சுருக்குவார் என்று பார்க்கிறேன், சுருக்கு அம்மா, எங்கேயாவது ஒரு இடத்தில் சுருக்கு. கடைசி வரிக்கு வந்துவிட்டார். முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது, நல்ல பிள்ளை, வீட்டில் இவருக்கும் பரீட்சை எழுதிய அப்பாவோ அண்ணனோ இருப்பார்கள் போலிருக்கிறது. உதடு அசையாமல் சொல்கிறார், “கரெக்ட்டா போட்டிருக்கீங்க சார். ஒரு ஸ்டெப்புகூட விடல. பயப்படாம மிச்சத்தை எழுதுங்க, இந்தத் தடவை பாஸாயிருவீங்க.”

என் வாழ்நாளில் இந்தப் பாடத்தில் எனக்கு ஒருத்தர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. வேட்டு. வடக்கு ரத வீதி முக்கு. சிக்கவில்லை, தேர் எங்கேயும் சிக்கவில்லை. எழுந்துவிட்டேன், டெஸ்க் முன்னால் இருக்கிற நரைப்பிடரி மேல் இடிக்கிறது, கோட் புத்தகம் கீழே விழுகிறது, விழட்டும். தாளைக் கட்டக்கூட இல்லை, அப்படியே நீட்டுகிறேன். “சார், குடுத்துட்டா திரும்ப வர முடியாது சார், யோசிங்க, நல்லா எழுதியிருக்கீங்க சார்,” என்று அந்தப் பிள்ளை என் பின்னாலேயே வாசல் வரைக்கும் வருகிறது, அதற்குக் கண் கலங்கியிருக்கிறது, எனக்காக. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறானே மனுஷன் என்று நினைத்திருக்கும். வராந்தாவில் பைகள் மலையாகக் குவிந்திருக்கின்றன, எல்லாம் கறுப்புப் பை, எல்லோரும் ஒரே கடையில் வாங்கினார்களா, இதுவா, இது இல்லை, இது, ஜிப் மாட்டிக்கொள்கிறது, பிய்த்து எடுக்கிறேன். போன் உயிர் பெற எவ்வளவு நேரம். கம்பெனிக்காரன் படம் காட்டுகிறான், வா, வா. அண்ணாச்சி நம்பர். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. வடம் பிடிக்கப் போயிருப்பார், போனை வீட்டில் வைத்திருப்பார். மதினி நம்பர். மணி அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது, இடுப்பில் செருகியிருப்பாள், கொட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். ஓடிக்கொண்டே போடுகிறேன், படி, மைதானம், வெயில், கேட்டில் வாட்ச்மேன் என்னமோ கேட்கிறான். பகவதி. பகவதி எடு. பகவதி நம்பர்.

எடுத்துவிட்டாள். முதலில் அவள் குரல் இல்லை, கொட்டு, நாதஸ்வரம், ஜனங்களின் இரைச்சல், எல்லாம் ஒன்றாகக் காதுக்குள் கொட்டுகிறது. இங்கே மைதானத்தில் மெல்லக் கேட்கிற அதே கொட்டு, அங்கே அவள் பக்கத்தில்.

“பகவதி! கீழ இறங்கு! எல்லாரையும் இறங்கச் சொல்லு! மாடியில நிக்காதீங்க!”

“என்னங்க? ஒண்ணுமே கேக்கலைங்க! தேரு வீட்டுக்கு முன்னால வந்துட்டு! அம்மாடி, இங்கன நிக்க எடமில்ல, அம்புட்டுக் கூட்டம்! மதினி என்னைத்தான் முன்னால விட்டுருக்காவ, ஹரிணியைச் சுவத்து மேல தூக்கி உக்காத்தி வச்சிருக்கேன், நல்லாத் தெரியுதுங்க!”

“இறங்குடி! ஹரிணியைத் தூக்கிட்டு உள்ள போ! உள்ள!”

“கத்தாதீங்க, கேக்கல! என்ன அதுக்குள்ள வெளிய வந்துட்டிய? எல்லாம் எழுதி முடிச்சிட்டியளா?” பக்கத்தில் யாரோ குலவை போடுகிறார்கள், அதற்கு மேல் அவள் குரல் ஏறி வருகிறது, சிரித்துக்கொண்டே வருகிறது. “ஏங்க, கணக்கெல்லாம் சரியாப் போட்டியளா?”